உறுப்பினர் படிக்கத்தக்க கணக்கு: தொழிற்சங்க ஆண்டறிக்கைகளைக் கணினிவழி அளிப்பதற்கான அரசுத் தரநிலைகள் – புளியங்குடி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பதிவுபெற்ற தொழிற்சங்கம் ஒவ்வோர் ஆண்டும் தன் வரவு செலவு, சொத்து, கடன், உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும் என்பது 1926ஆம் ஆண்டுச் சட்டம் முதல் நிலைத்துவரும் கடமையாகும். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததை அடுத்து, இவ்வறிக்கையின் படிவமும் அதை அளிக்கும் முறையும் புதிய விதிகளால் வகுக்கப்படும் நிலையில் உள்ளன. கணினிவழி அறிக்கைக்கான தரநிலை என்பது எழுத்தின் அளவு, கட்டத்தின் அகலம், கோப்பின் வகை பற்றியது மட்டுமன்று. யார் அறிக்கை அளிக்க இயலும், யார் அதைப் படிக்க இயலும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அமெரிக்க, பிரித்தானிய நடைமுறைகளை ஒப்பிட்டு, புளியங்குடி போன்ற சிற்றூர்களின் சிறு சங்கங்களுக்குப் பொருந்தும் தரநிலைக் கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்சங்கம், ஆண்டறிக்கை, ‘டி’ படிவம், பதிவாளர், மின்பதிவு, ஒருங்குறி, தணிக்கை, புளியங்குடி.

முன்னுரை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள புளியங்குடி, எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற நகராட்சியாகும். சந்தையில் மூடை ஏற்றி இறக்குவோர், தோட்டங்களில் காய் பறிப்போர், வட்டாரமெங்கும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் எனப் பலவகை உழைப்பாளர்கள் இங்கு வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோருக்கு ஆலை வாயில் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. பீடி சுற்றும் பெண் இலையையும் தூளையும் பெற்றுவந்து, சுற்றிய கட்டுகளைப் பீடிக்கடையில் ஒப்படைக்கிறார். இத்தகையோரின் சங்கமும் சிறியது, சந்தாவும் சிறியது. சங்கக் கணக்கைப் பொருளாளரே பெரும்பாலும் கையால் எழுதுகிறார்.

தொழிற்சங்கக் கணக்கு வெளிப்பாடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெருந்தொழிற்சாலைச் சங்கங்களையும் தேசிய மையங்களையும் கருத்திற் கொண்டவை. ஆயினும் சட்டத்தின் கடமை இரு சாராருக்கும் ஒன்றே. பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட துறைமுகச் சங்கமும் இருநூறு பேர் கொண்ட பீடித் தொழிலாளர் சங்கமும் ஒரே படிவத்தையே நிரப்ப வேண்டும். காகிதத்தில் இருந்தவரை இப்படிவம் ஓரளவு நெகிழ்ச்சி உடையதாக இருந்தது. பொருந்தாத கட்டத்தில் கோடிட்டுவிடலாம். விளக்கம் தேவைப்பட்டால் ஓரத்தில் எழுதலாம். கணினிப் படிவத்தில் அந்த ஓரம் இல்லை. கட்டாயப் புலம் ஒன்று நிரப்பப்படாவிட்டால் அறிக்கையே ஏற்கப்படாது. எனவே கணினிவழி அறிக்கைக்கான தரநிலையை வகுப்போர், சட்டம் சொல்லாத ஒன்றைச் சட்டமாக்கிவிடும் வாய்ப்பு உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல் இதுவே.

ஆண்டறிக்கைக் கடமையின் தோற்றம்

இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தின் வேர் சென்னையில் உள்ளது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. பி. பி. வாடியா தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் செயலாற்றினர். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் உரிமையாளரான பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்களுக்கு எதிராக 1920இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்பதே குற்றச்சாட்டு. சங்கம் அமைப்பதும் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதும் உரிமையியல் வழக்குக்கு உள்ளாகும் செயல்கள் என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது. இதன் விளைவாக என். எம். ஜோஷி 1921 மார்ச்சில் மத்தியச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் வேண்டும் எனத் தீர்மானம் கொணர்ந்தார். 1926இல் இயற்றப்பட்ட தொழிற்சங்கச் சட்டம் 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாறு ஆண்டறிக்கைக் கடமையின் இயல்பைப் புரிந்துகொள்ள உதவுகிறது. சட்டம் சங்கத்துக்கு ஒரு பாதுகாப்பை அளித்தது. பிரிவு 17 குற்றச் சதி வழக்கிலிருந்தும் பிரிவு 18 உரிமையியல் வழக்கிலிருந்தும் பதிவுபெற்ற சங்கத்தைக் காத்தன. அதற்கு ஈடாகச் சங்கம் தன் நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதைப் பிரிவு 15 வரையறுத்தது. அரசியல் பணிக்குத் தனி நிதி வேண்டும் எனப் பிரிவு 16 விதித்தது. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அளிக்குமாறு பிரிவு 28 பணித்தது. பாதுகாப்பும் கணக்கும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாயின.

எனவே அறிக்கை அளிக்கத் தவறுதல் சிறு தவறு அன்று. பதிவாளர் அறிவிப்பு அனுப்பிய பின்னரும் சட்டத்தின் விதியை வேண்டுமென்றே மீறும் சங்கத்தின் பதிவை நீக்கப் பிரிவு 10 இடமளித்தது. பதிவு நீங்கினால் பாதுகாப்பும் நீங்கும். 1920இல் வாடியாவும் அவர்தம் தோழர்களும் நின்ற இடத்திலேயே அச்சங்கம் நிற்கும். கணினிப் படிவத்தை நிரப்ப இயலாமற் போன ஒரு சிறு சங்கத்துக்கு நேரக்கூடியது இதுவே.

‘டி’ படிவம் கேட்பவை

1938ஆம் ஆண்டின் மத்தியத் தொழிற்சங்க ஒழுங்குமுறைகள் ஆண்டறிக்கைக்கு ‘டி’ படிவத்தை வகுத்தன. இப்படிவம் கேட்கும் விவரங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உறுப்பினர் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியலில் இருந்தோர், ஆண்டில் சேர்ந்தோர், விலகியோர், ஆண்டிறுதியில் உள்ளோர் ஆகிய எண்ணிக்கைகள் கேட்கப்படுகின்றன. ஆண், பெண் எண்ணிக்கை தனித்தனியே தரப்பட வேண்டும்.

இரண்டாவது, சொத்தும் கடனும். இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ரொக்கம் எவ்வளவு என்பதோடு படிவம் நின்றுவிடவில்லை. பொருளாளர் கையில் எவ்வளவு, செயலாளர் கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறது. வரவேண்டிய சந்தா நிலுவையும் சொத்துப் பக்கத்தில் காட்டப்படுகிறது.

மூன்றாவது, பொதுநிதிக் கணக்கு. வரவுப் பக்கத்தில் சந்தா, நன்கொடை, இதழ் விற்பனை, வட்டி முதலியனவும் செலவுப் பக்கத்தில் பொறுப்பாளர் ஊதியமும் படியும், அலுவலகச் செலவு, தணிக்கைக் கட்டணம், வழக்குச் செலவு, தொழிற்தகராறு நடத்திய செலவு, ஈமச்சடங்கு, முதுமை, நோய், வேலையின்மை உதவிகள், கல்விச் செலவு, வாடகை, அச்சு, அஞ்சல் முதலியனவும் இடம்பெறுகின்றன. நான்காவது, அரசியல் நிதிக் கணக்கு. ஐந்தாவது, தணிக்கையாளர் உறுதிமொழியும் ஆண்டில் நிகழ்ந்த பொறுப்பாளர் மாற்றங்களும்.

இத்தொகுதிகள் ஒன்றையொன்று சரிபார்க்க உதவுபவை என்பது படிவத்தின் சிறப்பு. எண் எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். ஒரு சங்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் 210 பேர், சேர்ந்தோர் 35, விலகியோர் 25, ஆண்டிறுதியில் 220 பேர் எனக் கொள்வோம். இந்த 220 பேரும் ஆண்டுச் சந்தா 60 ரூபாய் செலுத்தக் கடமைப்பட்டவர்கள் எனில் வரவேண்டிய தொகை 13,200 ரூபாய். வரவுப் பக்கத்தில் 11,400 ரூபாய் காட்டப்பட்டால் எஞ்சிய 1,800 ரூபாய் சொத்துப் பக்கத்தில் நிலுவையாக இருக்க வேண்டும். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் இரண்டில் ஒன்று நிகழ்ந்திருக்கிறது: உறுப்பினர் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது, அல்லது வசூலான பணம் கணக்கில் ஏறவில்லை. இவ்வினாவை எழுப்பக் கணக்கியல் பட்டம் தேவையில்லை. நான்கு எண்களை அருகருகே காணும் வாய்ப்புப் போதும்.

கணினியின் உண்மையான பயன் இங்கே தொடங்குகிறது. கூட்டல் கழித்தலைத் தானே சரிபார்த்து, முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, விளக்கம் எழுத இடம் தரும் படிவம் சிறு சங்கத்தின் பொருளாளருக்கு உதவியாக அமையும். முரண்பாடு கண்டவுடன் அறிக்கையையே மறுக்கும் படிவமோ, எண்களைப் பொருந்துமாறு மாற்றி எழுதத் தூண்டும். முன்னதில் பிழை வெளிப்படுகிறது. பின்னதில் பிழை மறைகிறது.

பத்து மைலும் ஐந்து ரூபாயும்

1926ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறு சங்கத்தைக் கருதிய மூன்று ஏற்பாடுகள் இருந்தன. கணினித் தரநிலையை வகுக்கும்போது இவை மறக்கப்படலாகாது.

ஒன்று, தூரம். பதிவாளர் சங்கத்தின் கணக்கேடுகளைச் சங்க அலுவலகத்திலேயே பார்வையிடலாம். அல்லது தாம் குறிக்கும் இடத்துக்குக் கொண்டுவருமாறு கேட்கலாம். ஆனால் அவ்விடம் சங்கத்தின் பதிவு அலுவலகத்திலிருந்து பத்து மைலுக்கு மேற்பட்ட தொலைவில் இருத்தல் கூடாது எனப் பிரிவு 28 வரம்பிட்டது. புளியங்குடியிலிருந்து தென்காசி முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. ஆகவே, புளியங்குடிச் சங்கத்தின் ஏடுகளைத் தென்காசிக்கு எடுத்துவருமாறு அச்சட்டத்தின்கீழ்க் கேட்க இயலாது. கணக்கைக் காட்டுவதற்காகத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கலாகாது என்னும் எண்ணம் இவ்வரம்பில் பொதிந்துள்ளது.

இரண்டு, தண்டம். அறிக்கை அளிக்கத் தவறிய பொறுப்பாளருக்கு ஐந்து ரூபாய் வரை. தவறு தொடர்ந்தால் வாரத்துக்கு மேலும் ஐந்து ரூபாய் வரை. மொத்தம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் எனப் பிரிவு 31 விதித்தது. பொய்யான பதிவை வேண்டுமென்றே செய்தவருக்கு ஐந்நூறு ரூபாய் வரை தண்டம் உண்டு. தாமதத்தையும் பொய்யையும் சட்டம் வேறுபடுத்தியது. புதிய தொகுப்புச் சட்டத்தின் பிரிவு 86 அவ்வேறுபாட்டைப் பேணினாலும் தொகையைப் பெரிதும் உயர்த்தியுள்ளது. அறிக்கை அளிக்கத் தவறினால் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் பத்தாயிரம் வரை. தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். பொய்ப்பதிவுக்கு இரண்டாயிரம் முதல் இருபதாயிரம் வரை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முறைசாராத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஆண்டுச் சந்தா மூன்று ரூபாய். அந்த அளவில் வசூலிக்கும் இருநூறு பேர் கொண்ட சங்கத்தின் ஓராண்டுச் சந்தா அறுநூறு ரூபாய். தண்டத்தின் கீழ்வரம்பே அதனை விஞ்சி நிற்கிறது. தண்டம் பொறுப்பாளர் மீதே விழும் என்பதால், பொருளாளர் பதவியை ஏற்க எவரும் முன்வராத நிலையும் உருவாகலாம்.

மூன்று, தணிக்கை. மத்திய ஒழுங்குமுறைகள் தணிக்கையாளரின் தகுதியை உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப வகுத்தன. பெரிய சங்கத்துக்குத் தகுதிபெற்ற தணிக்கையாளர் தேவை. ஆண்டில் எந்நாளிலும் 250க்கு மேற்படாத உறுப்பினர் கொண்ட சங்கத்தின் கணக்கை அச்சங்கத்தின் உறுப்பினர் இருவரே தணிக்கை செய்யலாம். கணினிப் படிவத்தில் தணிக்கையாளரின் தொழில்முறைப் பதிவெண் கட்டாயப் புலமாக அமைக்கப்பட்டால் இச்சலுகை சொல்லாமலே அழிந்துவிடும். எந்தச் சட்டமன்றமும் அதனை நீக்கியிராது. மென்பொருளின் ஒரு கட்டம் நீக்கியிருக்கும்.

அயல்நாட்டு நடைமுறைகள்

தொழிற்சங்கக் கணக்கு வெளிப்பாட்டை மிக விரிவாக வகுத்த நாடு அமெரிக்கா. மெக்லெல்லன் தலைமையிலான செனட் குழு சங்கத் தலைவர்கள் சிலரின் நிதி முறைகேடுகளை 1957 முதல் விசாரித்தது. அதன் விளைவாக 1959 செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் – நிருவாக அறிக்கை, வெளிப்பாட்டுச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. லேண்ட்ரம் – கிரிஃபின் சட்டம் எனவும் இது வழங்கப்படும். சங்கங்கள் நிதியாண்டு முடிந்த தொண்ணூறு நாள்களுக்குள் தொழிலாளர் துறையிடம் அறிக்கை அளிக்க வேண்டும். அவ்வறிக்கை பொது ஆவணமாகும்.

அமெரிக்க முறையின் முதற்சிறப்பு அளவுக்கேற்ற படிவம். ஆண்டு வரவு 2,50,000 டாலரும் அதற்கு மேலும் உடைய சங்கம் எல்எம்-2 படிவத்தையும் அதற்குக் குறைந்த வரவுடையது எல்எம்-3 படிவத்தையும் 10,000 டாலருக்குக் குறைந்த வரவுடையது மிகச் சுருக்கமான எல்எம்-4 படிவத்தையும் அளிக்கலாம்.

2003 அக்டோபரில் வெளியான விதி எல்எம்-2 படிவத்தை மின்வடிவில் அளிப்பதைக் கட்டாயமாக்கியது. 5,000 டாலரும் அதற்கு மேலும் ஆன வரவு செலவுகளைத் தனித்தனியே காட்டவும், செலவைப் பேரம்பேசல், அரசியல் பணி, நிருவாகம் எனப் பணிவகையாகப் பிரிக்கவும் அது பணித்தது. சங்கங்கள் தம் கணக்கு மென்பொருளிலிருந்து தரவை நேரடியாகப் படிவத்துக்குள் ஏற்றத்தக்க வகையில் தரவு அமைப்புக்கான விவரக்குறிப்பும் வகுக்கப்பட்டது. சங்கங்களின் கூட்டமைப்பு இவ்விதியை எதிர்த்து வழக்காடியது. இவ்வளவு விரிவு சங்கத்தின் நேரத்தையும் பணத்தையும் உறிஞ்சும் என்பது அதன் வாதம். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்எம்-2 மாற்றங்களை ஏற்றது. அறக்கட்டளைகள் தொடர்பாக வகுக்கப்பட்ட மற்றொரு படிவத்தைத் தள்ளியது. மின்பதிவுக் கடமைக்கு இடர்ப்பாட்டு விலக்கும் உண்டு. தொழில்நுட்பக் கோளாறால் உரிய நாளில் மின்வடிவில் அளிக்க இயலாத சங்கம் முதலில் காகிதத்தில் அளித்துப் பின்னர் மின்வடிவைத் தரலாம்.

பிரித்தானிய முறை வேறொரு திசையைக் காட்டுகிறது. 1992ஆம் ஆண்டின் தொழிற்சங்க, தொழிலுறவு ஒருங்கிணைப்புச் சட்டத்தின் பிரிவு 32 சான்றளிப்பு அலுவலரிடம் ஆண்டறிக்கை அளிக்கப் பணிக்கிறது. 1993இல் சேர்க்கப்பட்ட பிரிவு 32அ, அவ்வறிக்கையை அனுப்பிய எட்டு வாரங்களுக்குள் சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் சுருக்க அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்கிறது. மொத்த வரவு, செலவு, சந்தா வரவு, முதன்மைப் பொறுப்பாளர்களின் ஊதியம், தணிக்கையாளர் கருத்து ஆகியவற்றோடு, நிதிமுறைகேடு பற்றி ஐயமுள்ள உறுப்பினர் யாரை அணுகலாம் என்னும் வழிகாட்டலும் அதில் இடம்பெற வேண்டும். அறிக்கை அரசுக்குச் செல்வதோடு முடியாமல் உறுப்பினரிடம் திரும்பி வருகிறது.

இம்மூன்று முறைகளையும் ஒப்பிட்டால் அறிக்கையின் முகம் யாரை நோக்குகிறது என்பதில் வேறுபாடு தெரிகிறது. அமெரிக்க அறிக்கை பொதுமக்களை நோக்குகிறது. 2000ஆம் ஆண்டு முதலான அறிக்கைகளை எவரும் இணையத்தில் காணலாம். பிரித்தானிய அறிக்கை அலுவலரையும் உறுப்பினரையும் ஒருங்கே நோக்குகிறது. இந்திய அறிக்கை பதிவாளரை நோக்குகிறது. உறுப்பினர் கணக்கேட்டைப் பார்வையிடப் பிரிவு 20 உரிமை அளித்தது. பதிவாளர் அலுவலகத்தில் உள்ள அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ்க் கோரிப் பெறவும் வழியுண்டு. ஆயினும் இவ்விரண்டும் கேட்டுப் பெறும் உரிமைகள். தானாக வந்து சேரும் கணக்கு அன்று.

கணினிவழி அறிக்கைக்கான தரநிலைக் கூறுகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் கணினிவழி ஆண்டறிக்கைக்கான தரநிலை ஆறு கூறுகளைக் கொண்டிருத்தல் வேண்டும்.

1. சட்ட ஏற்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் பிரிவு 4 மின்பதிவுக்கு எழுத்து ஆவணத்துக்கு இணையான ஏற்பளிக்கிறது. பிரிவு 6 அரசு அலுவலகத்தில் மின்வடிவில் ஆவணம் அளிப்பதற்கான முறையையும் வடிவத்தையும் விதிகளால் வகுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் மின்வடிவில்தான் ஏற்க வேண்டும் என வற்புறுத்தும் உரிமையை இப்பிரிவு எவருக்கும் தரவில்லை எனப் பிரிவு 9 தெளிவாக்குகிறது. ஆகவே விதி வகுக்கப்படாத நிலையில் கணினியில் தயாரித்து அச்சிட்டுக் கையொப்பமிட்ட படிவமும் முழு மின்பதிவும் வெவ்வேறானவை. முன்னது காகித ஆவணமே. கணினியில் அச்சிட்ட படிவத்தின் கட்ட வரிசையும் தலைப்புச் சொற்களும் அரசுப் படிவத்தோடு ஒத்திருத்தல் போதும் எனத் தரநிலை வெளிப்படையாகக் கூற வேண்டும்.

2. எழுத்துக் குறியேற்றம். தமிழில் கணக்கு எழுதும் சங்கங்கள் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றும், தேடவும் இயலாது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரப்படுத்தி ஆணையிட்டது. சங்க அறிக்கைக்கு ஒருங்குறியைக் கட்டாயமாக்குவதும், படிவத்தைத் தமிழிலேயே வழங்குவதும் இவ்வாணையின் இயல்பான தொடர்ச்சியாகும். பீடித் தொழிலாளர் சங்கத்தின் செயற்குழு தமிழில் கூடுகிறது. தீர்மானம் தமிழில் எழுதப்படுகிறது. கணக்கு மட்டும் வேறு மொழியில் அமைந்தால் அதனைப் புரிந்துகொள்ள இடைத்தரகர் தேவைப்படுவார்.

3. தரவுக் கட்டமைப்பு. காகிதத்தை ஒளிவருடி ஏற்றிய படம் மின்னறிக்கை ஆகாது. எண்கள் எண்களாகவே சேமிக்கப்பட வேண்டும். தொகையும் தேதியும் ஒரே முறையில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் நிலையான குறியெண் வேண்டும். நிறுவனங்களின் நிதியறிக்கைகளுக்கு இந்திய அரசு 2011 முதல் எக்ஸ்பிஆர்எல் என்னும் பொதுத்தரவு மொழியைக் குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. சங்கங்களுக்கு அத்துணை நுட்பம் தேவையில்லை. எந்தக் கணினியிலும் திறக்கத்தக்க, எளிய அட்டவணைக் கோப்பு போதும். கட்டண மென்பொருள் எதனையும் வாங்கச் செய்யாத வடிவமே தகுந்தது.

4. அளவுநிலை. வரவின் அளவுக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட படிவங்கள் வேண்டும். மிகச் சிறிய சங்கத்துக்கு ஒரு பக்கப் படிவம் போதும்: உறுப்பினர் கணக்கு, சந்தா, ஐந்தாறு செலவுத் தலைப்புகள், ரொக்கம் யார் கையில் என்னும் விவரம், உறுப்பினர் இருவரின் தணிக்கைச் சான்று.

5. நம்பகமும் சேமிப்பும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 7, மின்பதிவு பிற்காலத்திலும் அணுகத்தக்கதாகவும் அளிக்கப்பட்ட நாள், நேரம் ஆகியவை அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்பதிவை நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கும்போது இணைக்கவேண்டிய சான்றிதழை வகுத்துள்ளது. கோப்பின் ஹாஷ் மதிப்பு அதில் இடம்பெறுகிறது. அறிக்கை ஏற்கப்பட்டவுடன் நாள், நேரம், ஹாஷ் மதிப்பு ஆகியன கொண்ட ஒப்புகைச்சீட்டைச் சங்கத்துக்கு வழங்கினால், பின்னாளில் அறிக்கை வரவில்லை என்றோ மாற்றப்பட்டது என்றோ எழும் வழக்கு எளிதில் தீரும்.

6. வெளிப்பாட்டின் எல்லை. சங்கத்தின் கணக்கை வெளியிடுவதும் உறுப்பினர் பெயரை வெளியிடுவதும் வேறு. ‘டி’ படிவம் உறுப்பினர்களின் எண்ணிக்கையையே கேட்கிறது. மின்படிவம் பெயர்ப்பட்டியலைப் பதிவேற்றக் கேட்டு, அது வேலை தருவோர் கண்ணில் படுமானால், வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு மறுநாள் இலை கிடைக்காமற் போகலாம். வீட்டுவேலைத் தொழிலாளருக்குப் பணிநீக்க ஆணை வருவதில்லை. வேலை குறைக்கப்படுகிறது, அவ்வளவே. எனவே பெயர்ப்பட்டியல் பொதுவெளிக்கு வராத வகையில் தரநிலை அமைதல் இன்றியமையாதது.

அறிக்கையும் புள்ளிவிவரமும்

ஆண்டறிக்கையின் தரம் ஆய்வாளர்களையும் நேரடியாகத் தொடுவது. இந்திய அரசின் தொழிலாளர் பணியகம் தொழிற்சங்கங்கள் பற்றிய புள்ளிவிவரங்களை, அறிக்கை அளித்த சங்கங்களைக் கொண்டே தொகுக்கிறது. அறிக்கை அளிக்காத சங்கத்தின் உறுப்பினர்கள் அப்புள்ளிவிவரத்தில் இல்லை. தேசிய மையங்களின் உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பொதுச் சரிபார்ப்பு 2002 டிசம்பர் 31ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்பட்டது. அதன் முடிவின்படி பாரதிய மஸ்தூர் சங்கம் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களுடன் முதலிடம் பெற்றது. குழுக்களிலும் மாநாடுகளிலும் யார் தொழிலாளர் சார்பில் அமர்வது என்பதற்கு இத்தகைய எண்ணிக்கைகளே அடிப்படையாகின்றன. சிறு சங்கங்கள் கணக்களிக்க இயலாமற் போகும்போது முறைசாராத் தொழிலாளர், குறிப்பாகப் பெண்கள், எண்ணிக்கையிலிருந்து மறைகின்றனர். படிவத்தின் கடினம் புள்ளிவிவரத்தில் வெற்றிடமாகவும் பிரதிநிதித்துவத்தில் இழப்பாகவும் மாறுகிறது.

முடிவுரை

ஆண்டறிக்கை என்பது சங்கம் அரசுக்குச் செலுத்தும் திறை அன்று. உறுப்பினர் கொடுத்த சந்தாவுக்குச் சங்கம் தரும் பதில். 1926ஆம் ஆண்டுச் சட்டம் பத்து மைல் எல்லையாலும் சிறு தண்டத்தாலும், அதன்கீழ் எழுந்த ஒழுங்குமுறைகள் உறுப்பினர் தணிக்கையாலும் சிறு சங்கத்தின் இயல்பை மதித்தன. மின்பதிவு தூரத்தைப் போக்கவல்லது. ஆனால் மொழியாலும் கட்டாயப் புலத்தாலும் உயர்ந்த தண்டத்தாலும் புதிய தூரத்தை உண்டாக்கவும் வல்லது.

தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின் பிரிவு 26 அறிக்கையின் படிவத்தையும் தணிக்கை முறையையும் விதிகளுக்கே விட்டுள்ளது. ஆகவே தீர்மானிக்கும் இடம் சட்டமன்றம் அன்று. விதி வகுக்கும் அலுவலகமும் மென்பொருள் வடிவமைப்போரின் மேசையுமே. அமெரிக்க முறையிலிருந்து அளவுக்கேற்ற படிவத்தையும் இடர்ப்பாட்டு விலக்கையும், பிரித்தானிய முறையிலிருந்து உறுப்பினருக்கான சுருக்க அறிக்கையையும், நம் பழைய ஒழுங்குமுறையிலிருந்து உறுப்பினர் தணிக்கையையும் எடுத்துக்கொண்டு தமிழில் அமையும் தரநிலையே பொருத்தமானது. அதன் தகுதியை அளக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. புளியங்குடியில் பீடி சுற்றும் ஓர் உறுப்பினர், தம் சங்கத்தின் அறிக்கையை ஒரு பக்கத்தில் பெற்று, தம் சந்தா எந்த வரியில் உள்ளது, எஞ்சிய ரொக்கம் யார் கையில் உள்ளது என்பதைப் பிறர் உதவியின்றிக் கண்டறிய முடியுமானால் அத்தரநிலை தன் பணியைச் செய்ததாகும்.